கதவு எண் 4/37

7.4.2015 – ரூ. 44
5.4.2016 – ரூ. 44
6.4.2017 – ரூ. 44
4.4.2018 – ரூ. 55
3.4.2019 – ரூ. 55
8.6.2020 – ரூ. 55

இவை கங்கம்மா கட்டிய வீட்டு வரி. தொண்டிச் சாலையில் ஓர் ஊராட்சியில் நான் செயலராக இருந்தேன். மாடி வீட்டுக்காரர்களிடம் வரிக்காக மூன்று முறை நடப்பேன். பூம்பூம் மாட்டுக்காரக் குடும்பத்துக் கங்கம்மா ஏப்ரல் முதல் வாரமே வந்துவிடுவார். ஊரடங்கு ஆண்டில் மட்டும் ஜூனில் வந்தார். அவர் வீடு நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும். மாடு செத்த பிறகு, பழைய துணி வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் குடம் கொடுக்கும் வியாபாரம். காரங்காடு வரை நடந்தே போவார்.

"இந்தக் குடிசைக்கு வரி கட்ட என்னம்மா இவ்வளவு அவசரம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எந்த ஊருன்னு கேட்டா எங்க அய்யாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது சாமி. நான் ரசீதக் காட்டுறேன்ல? மாடு இருந்திருந்தா அதுக்கும் ஒண்ணு போடச் சொல்லிருப்பேன். தலைய ஆட்டிக்கிட்டே கட்டியிருக்கும்."

பிறகு குடிசைவாசிகளுக்கு இலவச மனைப் பட்டா வந்தது. பட்டியலில் கங்கம்மா பெயரும் இருந்தது. வரிப் பதிவேட்டில் உள்ள இடத்தில் வீடு இருக்கிறது என்று நான் நேரில் பார்த்து எழுத வேண்டும். 12.11.2020 காலை போனேன். குடிசை இல்லை. கம்பு பிடுங்கிய குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது.

எதிரே டீக்கடை பாக்கர் சொன்னார்: "நேத்து அவுக வீட்டுக்காரர் மவுத்தாயிட்டாரு சார். சாவு விழுந்த குடிசையில அவுக அடுப்பு மூட்ட மாட்டாக. பிரிச்சு அங்கிட்டுப் போடுறாக, பாருங்க."

கங்கம்மா கருவேல மரத்தடியில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். "இங்கனதான் இருக்கேன் சாமி. எங்கயும் போகல. எழுதிருங்க."

டேப் வைத்து அளந்தேன். அறுபத்திரண்டு அடி. வேறு சர்வே எண். '4/37இல் வீடு இல்லை' என்று எழுதினேன். எழுத்துக்கு எழுத்து உண்மை. சாவையும் புதுக் குடிசையையும் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெற்றுத்தாள் இருந்தது. அதில் எழுதியிருக்கலாம்.

பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டது. வீடு இல்லாததால் வரியும் நீங்கியது. ஏப்ரலில் பணத்தோடு வந்தார். வாங்க முடியாது என்றேன்.

"வேற யாரு கணக்குலயாச்சும் வச்சுக்கங்க சாமி. ரசீத மட்டும் எனக்குக் குடுங்க."

நான் தலை நிமிரவில்லை.

ஓய்வு பெற்றபின், என் குறிப்பு அரைகுறையானது என்று நானே அவருக்காக மனு எழுதினேன். ஒன்பது மனுக்கள். பதில் வர என் வீட்டு முகவரி கொடுத்தேன். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "காயிதம் வந்துச்சா சாமி?" என்பார். குடங்கள் உரசும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். அது கேட்டும் நான் உள்ளேயே இருந்துவிட்ட நாட்கள் ஏழு.

2024 மே மாதம் சாலையை அகலப்படுத்தக் குடிசைகளை அகற்றினார்கள். செய்தி கேட்டு நான் போனபோது அங்கே யாரும் இல்லை.

"ராமேஸ்வரம் பக்கம்னாக," என்றார் பாக்கர். "எந்த இடம்னு கேட்டேன். 'நாங்க இருக்கமா இல்லையான்னு ஒங்க செயலரு சாமிக்குத்தான தெரியும்'னு சொல்லிட்டுப் போயிட்டாக சார்."

இப்போதும் குடங்கள் உரசுவது கேட்கிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து வாசலுக்குப் போகிறேன். தெரு காலியாக இருக்கிறது.

ஒன்பதாவது மனுவுக்குப் பதில் வந்தது. மாற்று இடத்தில் பட்டா தரலாம், கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் மனுதாரர் கங்கம்மா நேரில் வந்து கையொப்பமிட வேண்டும், தவறினால் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

தொண்டி பேருந்து நிலையம், பாம்பன், இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரை எல்லாம் தேடினேன். எப்படி இருப்பார் என்று கேட்டார்கள். பச்சை குத்தியிருந்தது நெற்றியிலா, கையிலா? மூக்குத்தி உண்டா? பெயரும் ரசீது எண்களும் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

நேற்றோடு பதினைந்து நாள் முடிந்தது. கடிதம் வந்த தேதி 19.8.2024.