செருப்பின் ஜோடிப் பொருத்தம்

ரோலர் கோஸ்டரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மயிலாப்பூர்க் கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துத் தொலைத்தே ஞானம் பெற்றவர் என் கணவர். ஜோடியாக இருந்தால்தானே திருடுவான்? இடது செருப்பைப் படியோரத்திலும் வலது செருப்பை எதிரே ஐஸ்கிரீம் கடையருகிலும் விட்டுவிட்டு வந்தார்.

வண்டி உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இன்றாவது என் கையைப் பிடிப்பார் என்று நம்பினேன். அவர் கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தார்.

"ரெண்டும் இருக்கு," என்றார்.

அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தோம்.

இறங்கியதும் ஒற்றைச் செருப்போடு ஐஸ்கிரீம் கடைக்கு வெற்றிநடை போட்டார். மந்தைவெளிக்கு வெறுங்காலோடு திரும்பியது நான்தான். என்னுடையதை ஜோடியாக விட்டிருந்தேன்.