அரைக்கும் லாரிக்கு ஒரு பட்டுப்புடவை

சிங்கப்பூரின் சாங்கியில் நான் வேலை பார்த்த சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவுக்குத் தலைவி அவர். ஒல்லியான உருவம், சாயம் காணாத நரை, எப்போதும் பேண்ட் சட்டை. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த கோப்புகளை அரைத்து அழிக்கும் லாரி வரும் நாளில் மட்டும் பட்டுப்புடவையில் வருவார். கடைசிப் பெட்டி அரைபடும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

ஒருமுறை எங்கள் மேலாளர் வேகமாக வந்து ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய ஸ்டாஃப் மெடிக்கல் ரிப்போர்ட்தானே? எதுக்கும் இருக்கட்டும் லா."

"இருக்கக் கூடாது சார். டைம் முடிஞ்சிருச்சு. நம்மள நம்பிக் குடுத்தாங்க. இனி யாரு கண்ணுலயும் படக் கூடாது."

மேலாளர் கையை எடுத்தார். பெட்டி உள்ளே போனது.

"அழிக்கிறதுக்கு எதுக்குக்கா பட்டு?" என்று பிறகு கேட்டேன்.

"குடுத்த வாக்கைக் காப்பாத்துற நாளு. விசேஷம் இல்லையா?"

இப்போது நான் ஜூரோங்கில் வேறு வேலையில் இருக்கிறேன். என் மருத்துவ அறிக்கைகள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. புது அலுவலகத்தில் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்: என் கோப்புகளின் காலம் முடியும் அன்று, எனக்காக ஒருவர் பட்டுடுத்தி நிற்பார்.