ஸ்டெல்லா அக்கா வாங்கிய சவரக்கத்தி

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை. ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

இன்று பின்னேரம் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு நேரே கடைக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, கடையைத் திறக்கவும் மனமில்லை... ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

மன்னார் பஜாரில் என் ஃபேன்ஸிக் கடைக்கு வருகிற பலருக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. ஆனாலும் எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை "நானா" என்றுதான் கூப்பிடுவார்.

போன வருஷம் அவருடைய கணவர் குரூஸ் அண்ணைக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

அண்ணை ஆயுள் முழுக்கச் சவரக்கத்தியால் தானே ஷேவ் எடுத்த மனிதர். படுக்கையில் விழுந்த பிறகு தாடி வளர்ந்து, கஞ்சியெல்லாம் அதில் ஒட்டி... யாரையும் முகத்தில் கை வைக்க விடவில்லை. சலூன்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் பிளாஸ்டிக் ரேசரோடு போனான், இடது கையால் தட்டிவிட்டார்.

அக்காவுக்கு மட்டும் முகத்தைக் காட்டினார். அதுவும் கத்தி என்றால் மட்டும்.

அப்படித்தான் அக்கா என் கடைக்கு வந்தார்.

"நானா, ஒரு சவரக்கத்தி வேணும். புதுசாப் பழகிற ஆளுக்கு."

"ஆருக்கக்கா?"

"எனக்குத்தான். ஏன், எனக்கு மீசை முளைக்காதோ?"

"அண்ணைட கத்தி வீட்டில இருக்குத்தானே?"

"அது அவருக்கு மட்டுந்தான் சொல்லுக் கேக்கும். நுனி ஊசி மாதிரி. நேற்று அவர்ட காதைக் கீறிப்போட்டன்... பாவம், அந்த மனுசனுக்குக் கத்தக்கூட ஏலாது."

உண்மையைச் சொல்கிறேன். கண்ணாடி அலுமாரியிலிருந்து நான் முதலில் எடுத்து வைத்தது எனக்கு லாபம் கூடிய கத்தி. பளபளப்பு, பிடியில் பூ வேலை, அகலமான அலகு, கூரான நுனி. முதல் தடவை வாங்குகிறவர்கள் மினுக்கத்தைத்தான் பார்ப்பார்கள், நானும் அதைத்தான் காட்டுவேன்.

அக்கா அதைக் கையில் தூக்கி நிறை பார்த்தார்.

"சேர்ட்டுக் கையை மடியுங்கோ நானா."

"ஏனக்கா?"

"உங்கட கை மயிரை வழிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

வழித்தேன். இழுத்ததே தவிர ஒரு மயிர் விழவில்லை.

"புதுசக்கா... போகப்போக வரும்."

"போகப்போக ஆர்ட கழுத்தில வரும்?"

கடையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியை விட்டுப் போய், புத்தளத்தில் தெருவோரம் பிளேட் பாக்கெட் விற்றுத் தொழில் தொடங்கியவன் நான். பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கத்தி முகத்தில் வைக்க உதவாது, கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்த பிறகுதான் அது கத்தி என்று எனக்கு அன்றைக்கு அக்கா சொல்லித்தான் தெரியும்.

கடைசியில் அலுமாரியின் மூலையில் கிடந்த சின்னக் கத்தியை அக்காவே எடுத்தார். பூவும் இல்லை, மினுக்கமும் இல்லை. நுனி வட்டமாக இருந்தது. அதை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து, "இது குத்தாது" என்றார். பக்கத்துத் தெருச் சலூனில் தீட்டி முடியும்வரை நின்று வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் வந்து பலூன் கேட்டார்.

"என்னக்கா, பேத்டே பார்ட்டியோ?"

"ஊதி, நுரை பூசி, வெடிக்காம வழிக்கப் பழகோணுமாம்."

இரண்டு நாளில் திரும்ப வந்தார். "முதல் பாக்கெட் முழுக்க வெடிச்சுப்போச்சு நானா. ஒவ்வொண்டு வெடிக்கேக்கையும் இவர் சிரிக்கிறார். வருத்தம் வந்த பிறகு இப்பதான் சிரிச்சவர்... இன்னொரு பாக்கெட் தாங்கோ. கொஞ்சம் மெல்லிசாப் பாத்து."

பிறகு பலூன் கேட்கவில்லை. ஒரு நாள் ரோட்டில் கண்டு நானே கேட்டேன். "கீறல் ஒண்டும் இல்லை நானா. கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி இருக்கிறார்" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

நேற்றுக் காலையும் ஷேவ் எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தேங்காய் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் கண்டது. அக்கா தரையில். அண்ணை கதிரையில். அவருடைய ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துபோயிருந்ததாம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ... பார்த்துக்கொண்டு. கூப்பிடக் குரல் இல்லை, எழும்பக் கால் இல்லை.

கத்தி மடித்தபடி மேசையில் இருந்தது. மடித்து வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார்.

நான் போகும்போது நுரையைத் துடைத்திருந்தார்கள். இடக்கன்னம் மழுமழுவென்று. வலக்கன்னத்தில் நாலு நாள் வெள்ளைத் தாடி.

மகன் என்னைத் தனியே கூப்பிட்டான். "நானா, சனம் பாக்குது. நீங்கள் சொன்னாக் கேப்பார்."

சலூன்காரரைக் கூட்டிப் போனேன். அவரைக் கண்டதும் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அக்காவின் கத்தியையே எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் குந்தினேன். "அண்ணை... நான் செய்யட்டோ?"

என் கையை இடது கையால் ஒதுக்கினார். தட்டிவிடவில்லை. மெல்ல ஒதுக்கினார். பார்வை அக்கா கிடந்த பெட்டியிலேயே இருந்தது.

யாரையும் பேசி வழிக்குக் கொண்டுவருகிற வாய் என்று என்னைச் சொல்வார்கள். இரண்டாம் தடவை கேட்காமல் கத்தியை மடித்து மேசையில் வைத்தேன்.

இன்று அண்ணையை அப்படியே வீல் செயாரில் வைத்துப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனோம். மாதா கோயிலில் எல்லாரும் பார்த்தார்கள். பூசை வைத்த பங்குச் சுவாமியும் பார்த்தார்.

திரும்பி வரும்போது மகன் கேட்டான், "இனி என்ன செய்யிறது நானா?"



போயிட்டு வாங்கோ அக்கா... அண்ணைட வலக்கன்னம் அப்படியேதான் கிடக்கு. என்னால ஏலேல்ல.