அண்ணன் பக்கத்துச் சுவர்

சண்முகத்தாய் ராஜபாளையத்து நூல் மில்லில் சேர்ந்தபோது அவளுக்குத் தாவணி வயது. கழுத்தில் தாலி ஏறியதும், அது இறங்கியதும், மகள் இந்து வளர்ந்து ஆளானதும் அந்த மில் சங்கின் சத்தத்துக்குள்ளேதான். வாடகை வீடுகளில் அவள் வாங்கிய பேச்சுகளை நூலாக நூற்றிருந்தால் ஊருக்கே சேலை நெய்திருக்கலாம். சொந்தமாக ஒரு வீடு வேண்டும். ஆண்டாளிடம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், திருவண்ணாமலை என்று அவ்வூரார் சொல்லும் பெருமாள் மலைக்குப் போகிற பாதையோரம் அவளுடைய அப்பா விட்டுப்போன மனை கிடந்தது. பெண்பிள்ளைகள் உடன்பிறந்தவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, தீபாவளிச் சேலையோடு மனம் ஆறிக்கொள்வது அந்தக் குடும்பத்து வழக்கம். சண்முகத்தாய் எழுதிக் கொடுக்கவில்லை.

"சட்டத்துல எனக்கும் பங்கு இருக்குண்ணே" என்றாள்.

அண்ணன் ஆண்டிச்சாமி சிமெண்ட் கடைக்காரர். கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தார். "ஒனக்கு இல்லாததா தாயி?" என்று மனையை இரண்டாகப் பிரித்து நடுவில் கல் நட்டார். அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை, பாவி மனுஷன் எப்படித்தான் மறந்தாரோ!

வீட்டு வேலை தொடங்கிய நாளில் கொத்தனார் சமுத்திரம் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைத் தாமாகவே ஓடிவந்து பிடித்தவர் ஆண்டிச்சாமி.

"ஏலே சமுத்திரம், அறைக்கு உள்கூடு எம்புட்டு வருது?"

"பதினஞ்சடி அண்ணாச்சி. பிளான்ல அப்படித்தான் இருக்கு."

"மனையடி சாஸ்திரத்துக்குப் பதினஞ்சு ஆகுமாலே? குடும்பம் வெளங்காது. பதினாறா எடு."

"எடுத்தா ஒங்க கல்லுப் பக்கம் ஒரு அடி தள்ளணுமே. கல்லுலேர்ந்து ஒரு மீட்டர் காலியா விடச் சொல்லி பிளான்ல போட்டுருக்கு."

"என் பக்கந்தான? நான் என்ன, என் தங்கச்சிகிட்டப் போயி ஏன்னு கேக்கவா போறேன்?"

சமுத்திரம் தலையைச் சொறிந்தார். "என்னக்கா சொல்லுதிய?"

புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பதினைந்து என்ற எண்ணே பயமாக இருந்தது. பக்கத்து மனைக்காரர் சம்மதித்துவிட்டால் போதும் என்று நம்பினாள். அதுவும் அண்ணன்! "அண்ணன் சொன்னாப் பொறவு என்ன? பதினாறே எடுங்க" என்றாள்.

சுவர் எழுந்தது. கூரைக்குக் கான்கிரீட் போட்டு அடித்த பலகையைப் பிரித்த வாரமே ஒரு நகராட்சி ஜீப் வந்து நின்றது. அளக்க வந்த பெண் அதிகாரி எல்லைக் கல்லில் நாடாவை வைத்து, சுவரின் வெளிப்பூச்சு வரைக்கும் இழுத்துப் பார்த்தார்.

"ஒரு அடி குறையுதும்மா."

"உள்ள வந்து அளங்க தாயி. சரியாப் பதினாறு இருக்கும்."

"உள்ள இருக்கிறது உங்க சாஸ்திரம். காலியிடத்தை நாங்க கல்லுலேர்ந்து சுவரோட வெளிமுகம் வரைக்கும்தான் அளப்போம்."

"பக்கத்து மனை எங்கண்ணனோடதும்மா. அவுக சம்மதிச்சுத்தான்..."

"யார் சம்மதிச்சாலும் விதி மாறாதும்மா. அதோட, புகார் மனு கொடுத்ததே உங்க அண்ணன்தான்."

சண்முகத்தாய் வெயிலில் அப்படியே சிமெண்ட் கடைக்கு நடந்தாள்.

"நாடாவப் பிடிச்சது நீங்கதானண்ணே?"

ஆண்டிச்சாமி நிமிரவில்லை. "பங்கு கேக்கும்போது சட்டம் பேசினேல்ல? இதுவும் சட்டந்தான். இடிக்க மனசில்லேன்னா மனைய எனக்கே எழுதிக் குடுத்துட்டுப் போ."

அதுதான் விஷயம்! ஒரு அடிச் சுவருக்குள்ளே முழு மனையையும் விழுங்கப் பார்த்த வாய். அவள் மறுநாளே சமுத்திரத்தை வரச்சொன்னாள்.

"எழுதிக் குடுக்கப் போறதில்ல. இடிங்க."

உள்ளே ஓர் அடி தள்ளிப் புதுச்சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பினார்கள். அது இறுகிய பிறகு பழைய சுவர் விழுந்தது. வெளியே நீண்டு நின்ற கூரை விளிம்பை மெஷின் வைத்து அறுத்தபோது, அந்த ஓசை தன் எலும்புக்குள் ஓடுவதுபோலச் சண்முகத்தாய் காதைப் பொத்திக்கொண்டாள். அறை மறுபடியும் பதினைந்தடி ஆகிவிட்டது.

"ஆகாத அளவுல்லம்மா?" என்று இந்து பயந்தாள்.

"ஆகாதது அளவில்லட்டி. அத நமக்குச் சொன்ன வாய்."

பால் காய்ச்சும் நாள் வந்தது. அழைப்பில்லாமலே ஆண்டிச்சாமி வந்தார். பிறந்த வீட்டுச் சீர் வராவிட்டால் ஊர் அவரைத்தானே காறித் துப்பும்? குத்துவிளக்கு, அரிசி, உப்பு, வெல்லம், பட்டு எல்லாம் தட்டுத் தட்டாக. பின்னால் நாதஸ்வரம் வேறு! புரட்டாசிச் சனிக்கிழமை மலைக்குப் போகிற கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது.

சண்முகத்தாய் வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள வேண்டாம்ண்ணே. இடம் பத்தாது, பதினஞ்சடிதான்."

"நாலு பேர் பாக்காக தாயி..."

"பாக்கட்டும். ஒங்களுக்குன்னு நான் விட்ட இடம் அந்தா கெடக்கு" என்று சுவருக்கும் கல்லுக்கும் நடுவே கை காட்டினாள். இடித்த செங்கல் துண்டுகள் இன்னும் அங்கே சிதறிக் கிடந்தன. "எறக்கி அங்க வச்சுட்டுப் போங்க. சரியா ஒரு மீட்டர் இருக்கு."

நாதஸ்வரம் பாதியில் நின்றது. உள்ளே பால் பொங்கி வழிந்தது. குலவை போட மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் வாய் எழவில்லை.