பல் மருத்துவமனைக்கு ஒரு ஃபிரேம்வொர்க்

எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு ஸ்க்ரூடிரைவர் என்று பெயர். நிறைமாத வயிறு மேசையில் இடிக்காமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரு பல் மருத்துவமனைக்கு இணையப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள். நேரம் பதியக் காலண்டர், தொட்டால் விவரம் சொல்லும் பல்வரிசைப் படம், காத்திருப்போர் வரிசை. எல்லாம் தனித்தனித் துண்டாக நின்று ஒன்றோடொன்று பேச வேண்டும். எந்த ஃபிரேம்வொர்க்கில், அதாவது எந்த ஆயத்தச் சட்டகத்தின் மேல், கட்டுவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அதன்பின் பிரசவ விடுப்பு.

அவள் போனபின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர், ஆபீஸில் ‘அவசரம்’ என்று பெயரெடுத்தவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், தங்கமான மனிதர், ஆனால் மூளைக்கு முன்னால் கை ஓடிவிடும். அவர் எதையாவது உடைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் ஃபோன் போட்டால்?

அவள் மனமோ புதிதாக வந்த ஒரு ஃபிரேம்வொர்க்கின் மேல்தான். அத்தனை வேகம், எழுத எழுதச் சுகம். மீட்டிங்கில் மூச்சு விடாமல் அதன் புகழ் பாடியிருந்தாள். பழையது ஒன்றும் இருந்தது. அதில் ஒவ்வொரு துண்டும் தனக்கு என்ன வேண்டும், தான் என்ன தரும் என்று முதலிலேயே வளவளவென்று சொல்லியாக வேண்டும்.

இரண்டிலும் சின்னதாகக் கட்டி ‘அவசரம்’ முன் வைத்தாள்.

“அண்ணே, காலண்டரைத் தூக்கிட்டு வேற ஒண்ணு மாட்டுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

“பரீட்சையாம்மா? முன்னாடியே சொல்லியிருந்தா படிச்சிட்டு வந்திருப்பேனே!”

புதியதில் கண் மூடித் திறப்பதற்குள் மாற்றிவிட்டார். காலண்டர் ஜம்மென்று வந்தது. பல்வரிசையைத்தான் காணோம்.

“எல்லாப் பல்லையும் பிடுங்கிட்டேன் போலிருக்கே!”

பழையதில் முனகிக்கொண்டே மாற்றினார். தேதியைத் தப்பாகக் கொடுத்ததும் அது அங்கேயே சிவப்பெழுத்தில் தடுத்து நிறுத்தியது. திருத்தினார். மற்றதெல்லாம் குத்துக்கல்லாட்டம் அப்படியே நின்றது.

அவளுக்கு அழாத குறை. மறுநாள் மீட்டிங்கில் அசடு வழிய, “நான் சொன்னதை நானே வாபஸ் வாங்கிக்கிறேன். பழசுலயே கட்டுவோம்” என்றாள்.

பிள்ளை பிறந்தது. ஆபீஸிலிருந்து ஃபோன் வரவே இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு கோபம்கூட வந்தது. நான் இல்லாமலே இத்தனை சுகமாக ஓடுகிறதாக்கும்! ஒரு மத்தியானம் ஃபோன் அடித்ததும், பிள்ளையைப் புருஷன் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

“என்னண்ணே, எது உடைஞ்சுது?”

“ஒண்ணும் உடையலம்மா. பிள்ளை எப்படி இருக்குன்னு கேக்கத்தான் போட்டேன்.”

“பொல்லாத பயண்ணே…” என்று ஆரம்பித்தவள், ஃபோனை வைக்க மனமே வராமல் பேசிக்கொண்டே இருந்தாள்.