கூப்பிட்டால் வரும் நாய்

எங்கள் ஊர் இளைஞர் மன்றம் நாய்க் கண்காட்சி நடத்தப் போகிறது என்றதும் முதல் ஆளாகப் பதிந்துகொண்டவன் நான். தடுப்பூசி முகாம் என்று மட்டும் சொன்னால் யாரும் நாயைப் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள் என்று போட்டிகளையும் சேர்த்திருந்தார்கள். 'கூப்பிட்டால் வரும் நாய்' என்ற போட்டியில் பரிசு எனக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மரக்காணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் மழையில் நனைந்து வாசலில் நின்ற தெருநாய்க் குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். செல்போனில் வீடியோ பார்த்து 'சிட்', 'கம்' என்று ஆங்கிலத்திலேயே பழக்கினேன். பட்டா நகல் எடுக்க வந்தவர்கள்கூட நாய் வளர்ப்பு பற்றி என்னிடம் கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். நான் கடைக்குப் போன பிறகு அது வீட்டைக் காவல் காப்பதாகவும் சொல்லிவந்தேன். என் மனைவி மட்டும், பகலில் அதைக் கண்ணிலேயே காணோம் என்பாள். தெருமுனை வரை ரோந்து போகும் என்று விளக்கம் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளி மைதானம். எனக்கு முன்னால் வந்த உயர்ரக நாய் ஒன்று பாதி வழியில் படுத்துத் தூங்கிவிட்டது. அதன் சொந்தக்காரரைப் பார்த்து நான் அனுதாபமாகச் சிரித்தேன். என் முறை வந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் மன்றத்துக்காரர் ஒருவர் நாயைப் பிடித்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு இந்தக் கோடியில் நின்று, "கம்" என்றேன்.

நாய் அசையவில்லை. குரலை உயர்த்தினேன். கடைசியில், "டேய், வாடா" என்று தமிழுக்கே இறங்கி வந்தேன். சட்டென்று காதை விறைத்துக்கொண்டு ஓடிவந்தது. கூட்டம் கை தட்டியது. மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தேன். நாய் என் முழங்கையை உரசிக்கொண்டு, கயிற்றுக்கு அப்பால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் மேல் போய்த் தாவியது.

நடுத்தர வயது, உப்பளத்தில் வேலை செய்பவர். கூச்சத்தோடு நாயைத் தள்ளி, "உக்காரு" என்றார். உட்கார்ந்தது. அதற்கு 'சிட்' கற்றுக்கொடுக்க எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

"மன்னிச்சிக்கங்க, நான் கூப்பிடவே இல்ல. தினம் உப்பளத்துக்கு வந்துரும். எங்க கூடயே சாப்பிட்டுட்டு, வேல முடிஞ்சா கெளம்பிடும். யாரு வீட்டு நாயின்னு இன்னிக்கித்தான் தெரியுது."

மைக்கில் இருந்தவர் ஒரு வார்த்தை விடாமல் அதை ஊருக்கே சொன்னார்.

பரிசு எவர்சில்வர் குடம். அதை அந்தப் பெண்மணிக்கே கொடுத்தார்கள். அவர் போட்டியிலேயே இல்லை என்று விதிமுறை பேசலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஊசி போடும் மேசையில் கால்நடை டாக்டர் அட்டையை எடுத்து, சொந்தக்காரர் பெயரைக் கேட்டார். வேண்டுமானால் அவர் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள் என்று பெண்மணியைக் காட்டினேன்.

"அவரு பேரயே போடுங்க டாக்டர்," என்றார் அவர். "ராத்திரி சோறு போடறது அவருதான? ஊசிக்கு மட்டும் நான் புடிச்சிக்கறேன்."

அவர் பிடித்துக்கொள்ள, நாய் முனகாமல் ஊசி போட்டுக்கொண்டது. ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது நான்தான்.

மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு உப்பளத்துக்குப் போனேன். நலம் விசாரிக்கப் போனதாகச் சொன்னாலும் வேவு பார்க்கத்தான் போனேன். கொட்டகை நிழலில் நான்கைந்து பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் நாய். என்னை நிமிர்ந்து பார்த்தது, ஒருமுறை வாலாட்டியது, மறுபடி மீன் தலையில் கவனமானது. பெண்மணி தூக்குவாளி மூடியில் எனக்கும் சோறு போட்டு, மத்தி மீன் குழம்பு ஊற்றினார். வேண்டாம் என்று ஒருமுறைதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பசியில்லை என்றேன். மனைவி என் கையை மோந்து பார்த்துவிட்டு, "இனிமே நீங்களும் பகல்ல ரோந்தா?" என்று கேட்டாள்.