வாளையாருக்கு இந்தப் பக்கத்துக் கஞ்சி

'என்னம்மா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரில்தான் இருந்தேன். ஒரு கஞ்சி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது!

சிரிக்காதீர்கள். நான் குடியிருப்பது கஞ்சிக்கோட்டில், வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டிய கேரளப் பக்கம். ஊர்ப் பெயரிலேயே கஞ்சியை வைத்துக்கொண்டு, கஞ்சியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீடு கோகிலாவுடையது. கணவர் சிமென்ட் லாரி ஓட்டுகிறார். வாளையார் செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கிற நேரம் போக மிச்ச நேரம் வீட்டில் இருப்பார். ஒரே மகள் தன்யா, மூன்றாம் வகுப்பு. போன வருடக் கடைசியில் அவளுக்கு விடாத காய்ச்சல், உடம்பில் அங்கங்கே நீலத் திட்டுகள். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதில்... ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

குழந்தைகளுக்கு வருகிற இந்த வகைக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, நிறையப் பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். ஆனால் பாதியில் விடக் கூடாது. பாதியில் விட்டால் வியாதி திரும்பி வரும், திரும்பி வந்தால் அதை அடக்குவது ரொம்பக் கஷ்டம். கோகிலா அன்றைக்கே தன் கம்பெனி வேலையை விட்டாள். கணவர் லாரியில் போயிருக்கும் நாட்களில் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டுவது என் பொறுப்பானது.

புற்றுநோய் என்ற வார்த்தை ஒரு தெருவுக்குள் நுழைந்தால் போதும் — தெருவில் பாதிப்பேர் டாக்டராகிவிடுவார்கள். முள்சீத்தாப் பழம் கொடு. பப்பாளி இலையைப் பிழிந்து கொடு. சர்க்கரையை நிறுத்து. பாலை நிறுத்து. கடைசியில், குரலைத் தாழ்த்தி, அந்தக் கீமோ ஊசியையே நிறுத்து... சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் அந்தப் பிள்ளை மேல் உயிர். அதனால்தான் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்காகிறது. மனம் விட்டுத் திட்டக்கூட முடியவில்லை!

கோகிலா கெட்டிக்காரி. எல்லோருக்கும் 'சரிங்க' என்பாள். எதையும் கொடுக்க மாட்டாள். டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டுக் கஷாயம்கூடப் பிள்ளையின் வாயில் போகக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

போன மாதம் கீமோவுக்காகப் போயிருந்தோம். முதலில் ரத்தப் பரிசோதனை. தன்யாவை நர்ஸ் விளையாட்டு அறைக்கு அழைத்துப் போக, நானும் கோகிலாவும் டாக்டரின் முன்னால் உட்கார்ந்தோம். சென்னைக்காரர், நிதானமான பெண்மணி. ரிசல்ட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ரத்தத்துல ஈரல் என்சைம் அளவெல்லாம் எகிறியிருக்கும்மா. இன்னிக்கு மருந்து ஏத்த முடியாது. தள்ளி வைக்கணும்."

கோகிலா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க குடுக்கற மருந்தாலயும் ஏறலாம். ஆனா போன தடவை நல்லாத்தானே இருந்தது? வெளி மருந்து ஏதாவது குடுக்கறீங்களா? கஷாயம், லேகியம், சூரணம்?"

"சத்தியமா இல்லைங்க டாக்டர். நீங்க சரின்னு சொன்னீங்களே, அந்த ஆடி மாசக் கஞ்சி மட்டுந்தானுங்க. தெனமும் ஒரு டம்ளர்."

"அது பரவாயில்ல. கம்பு, கேழ்வரகு எல்லாம் நல்லதுதான்..."

"கம்புங்களா?" கோகிலா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏனுங்க்கா, அதுல கம்பு எங்கீங்க இருக்குது?"

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். வாளையாருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஆடி மாசக் கஞ்சி என்றால் என்ன? மாரியம்மன் கோயிலில் அண்டா அண்டாவாக ஊற்றுகிறார்களே, அந்தக் கூழ். கம்பு, கேழ்வரகு, மோர், சின்ன வெங்காயம். டாக்டர் பிறந்தது முதல் அறிந்தது அதைத்தான். வாளையாருக்கு இந்தப் பக்கம் அதே மாதத்துக்குப் பெயர் கர்க்கடகம். அந்த மாதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு மருந்துக்கஞ்சி. நவர அரிசி, வெந்தயம், தேங்காய்ப்பால் — அதோடு கடையில் விற்கிற மூலிகைப் பொடி ஒரு பொட்டலம். அதில் என்ன வேர், என்ன இலை என்று கேட்டால் விற்கிறவருக்கே பாதிதான் தெரியும். மழைக்காலத்தில் உடம்பைத் தேற்றக் காலகாலமாகக் குடிப்பது. நல்ல உடம்புக்காரர்கள் குடிக்கட்டும், நானும் குடிக்கிறேன்.

கோகிலா எதையும் ஒளிக்கவில்லை. முந்தைய தடவையே டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். 'கர்க்கடகக் கஞ்சி' என்று கேட்டிருந்தால், 'அது என்னம்மா?' என்று அவர் கேட்டிருப்பார். கோயமுத்தூர் டாக்டரிடம் மலையாளம் கலக்காமல் நல்ல தமிழில் பேச வேண்டுமே என்று, கர்க்கடகத்தை ஆடியாக்கிவிட்டாள் இவள்! அவரும், 'தாராளமா குடுங்க. நல்லா காய்ச்சிக் குடுங்க' என்றுவிட்டார்.

கேட்டதும் உண்மை. சொன்னதும் சரி. ஒரே மாதம், ஒரே கஞ்சி, நடுவில் ஒரு செக்போஸ்ட்... யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

ஒன்று மட்டும் சொல்லலாம். அடுப்பில் வெந்து டம்ளரில் வருவதை நாம் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 'மருந்து ஏதாவது தருகிறீர்களா?' என்று எத்தனை தடவை கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வோம். மருந்துக்கஞ்சிக்குப் பெயரிலேயே மருந்து இருக்கிறதே என்றால், அது பெயர்தானே என்போம்.

டாக்டர் திட்டவில்லை. "கஞ்சிதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல, உங்களுக்கும் தெரியல. அதுதான் பிரச்சினை. நிறுத்திட்டுப் பார்ப்போம்" என்றார்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் தன்யா தூங்கிவிட்டாள். கோகிலா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மதுக்கரை தாண்டியதும், "எங்கையாலயே குடுத்தனுங்களேக்கா..." என்றாள். நீ கேட்டுத்தானே கொடுத்தாய் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. எனக்கும்தான் இல்லை.

மறுநாளே வந்து இறங்கினார் சரசு. கோகிலாவின் கணவருக்கு அக்கா. இந்தப் பக்கம் நாத்தனாரை 'நங்கையா' என்று கூப்பிடுவார்கள். பாசக்காரி. தம்பி மகள் என்றால் உயிரையே விடுவார். வாய்தான்... நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா? இங்கிலீஷ் மருந்து புள்ள ஈரலத் தின்னுபோடுச்சு! கஞ்சி குடிச்சு ஆருக்காச்சும் ஈரல் கெட்டிருக்குதா? மலைக்கு அந்தாண்ட ஒரு வைத்தியர் இருக்காரு. வேரோட புடுங்கிருவாரு. ஊசி, மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு வரோணும், அவ்வளவுதான் அவரு கண்டிசன்."

கோகிலாவின் கணவர் அன்று வீட்டில் இருந்தார். "ஒரு மாசந்தான கோகிலா... போய்த்தான் பாத்துட்டு வருவமே?" என்றார். அவர் குரலில் இருந்தது நம்பிக்கை இல்லை, பயம். மகளின் கையில் ஊசி குத்துவதைப் பார்க்க முடியாமல் வராந்தாவில் போய் நிற்கிற மனிதர் அவர்.

வேலியைத் தாண்டிப் போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று செருப்பைக்கூடத் தேடினேன். அதற்குள் கோகிலா பேசினாள். சத்தம் போடவில்லை.

"கஞ்சி குடுத்தவ நானுங் நங்கையா. அந்தப் பழிய ஊசி தலையில போடாதீங்க. ஈரல் சரியானதும் எம்புள்ள ஊசிக்குத்தான் போவா. இதுல பேச்சே இல்லீங்க."

பிறகு கணவரிடம் திரும்பினாள். "நீங்க வந்தாலுஞ் சரி, வராட்டியுஞ் சரி. அக்கா கார் இல்லீன்னா பஸ்சுல தூக்கிட்டுப் போவனுங்க. மலைக்கு அந்தாண்ட மட்டும் எம்புள்ள போகாது."

சரசுவுக்குக் கோபம். வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

கஞ்சியை நிறுத்திய பிறகு, அடுத்த பரிசோதனையில் ஈரல் அளவு இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. கஞ்சியா, கீமோவா என்று டாக்டர் இன்றைக்கும் அடித்துச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். மருந்து ஏற்றத் தேதி கொடுத்தார்கள். அதோடு டாக்டர் ஒன்று சொன்னார்.

"பிள்ளைக்கு ஏதாவது செஞ்சாகணும்னு உங்க கை துறுதுறுங்குது. தப்பே இல்ல. அந்தக் கைக்கு நான் வேலை தரேன், வாங்க."

அதே மாடியில் வராந்தாக் கோடியில் ஒரு அறை. தரையில் பாய், சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஒரு இளம்பெண் எங்களை உட்கார வைத்து, முதல் வேலையாக, "இங்க குடிக்கறதுக்கு எதுவும் தர மாட்டோம்" என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

அவள் சொன்னது எளிமையானது. வியாதியைக் கொல்வது கீமோவின் வேலை. அதோடு வருகிற குமட்டல், வலி, பயம், தூக்கமின்மை — இவற்றைக் குறைக்க மசாஜ், மூச்சுப் பயிற்சி, பாட்டு, படம் வரைதல். எதுவும் கீமோவுக்குப் பதில் கிடையாது, கீமோவுடன் கூட. எதைச் செய்தாலும் டாக்டருக்குத் தெரிந்துதான் செய்ய வேண்டும்.

"சோத்துக்குத் தொட்டுக்கறதாட்டமுங்களா?" என்றாள் கோகிலா.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதேதாங்க்கா. தொட்டுக்க நல்லா இருந்தா சோறு இறங்கும்ல?"

இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? தொட்டுக்கொள்வதை மட்டும் இலையில் வைத்துவிட்டு, சோறு போடாமல் ஒரு பிள்ளையை எழுப்பிவிடுவதைத்தான் சிலர் வைத்தியம் என்கிறார்கள்.

கோகிலா கற்றுக்கொண்டாள். மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கம், குமட்டும்போது எங்கே அழுத்த வேண்டும். பாதத்தை எப்படி மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அழுத்தவே கூடாது, பாதத்தை இரண்டு கையாலும் சும்மா பிடித்துக்கொண்டால் போதும். 'சும்மா பிடித்துக்கொள்வது' ஒரு வைத்தியம் என்று அவள் நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

தன்யாவுக்கு மூச்சுப் பயிற்சி. "கையில சூடா சூப் இருக்கு. மூக்கால மணம் பிடி. இப்ப மெதுவா ஊதி ஆத்து" என்றாள் அந்தப் பெண்.

"சூப் வேண்டா. கட்டஞ்சாயா" என்றாள் தன்யா.

"கட்டஞ்சாயாவா?"

"பால் ஊத்தாத சாயா. எங்கப்பா லாரியில குடிப்பாரு."

ஊசி போட்ட அன்று தன்யா ஒரு உள்ளங்கையைக் குவித்து, இல்லாத கட்டஞ்சாயாவை ஊதி ஊதி ஆற்றினாள். அழவில்லையா? அழுதாள். ஆனால் ஊதிக்கொண்டே அழுதாள், கையை இழுக்கவில்லை. அன்று அப்பாவும் வந்திருந்தார். வராந்தாவுக்குப் போகவில்லை. "அப்பாவுக்கு ஒரு கிளாஸ் ஊத்து கண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஊதினார். மருந்து ஏறியது. ராஜகுமாரிபோலக் காரில் ஏறி, வழியெல்லாம் வாந்தியும் எடுத்தாள். கோகிலா மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தாள்.

டாக்டரும் ஒன்றை மாற்றிக்கொண்டார். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற அம்மாக்களிடம் இப்போது மருந்தைப் பற்றிக் கேட்பதில்லையாம். "காலையில எந்திரிச்சதுல இருந்து பிள்ளை வாயில என்னெல்லாம் போகுது, சொல்லுங்க" என்கிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை சரசு மறுபடி வந்தார். கையில் ஒரு பாட்டில், உள்ளே பச்சையாக என்னவோ. நான் கோகிலா வீட்டில்தான் இருந்தேன். இப்போது என்ன நடக்கப்போகிறதோ என்று எனக்குள் ஒரே பதைப்பு.

கோகிலா வாசலில் போய் நின்றாள். "வாங்க நங்கையா. சளி, காச்சல் ஒண்ணும் இல்லீங்களே? பாட்டில அந்தச் செவுத்து மேலயே வெச்சுருங்க. சோப்பு அங்க இருக்குது, கையக் கழுவிட்டு உள்ள வந்து புள்ள காலக் கொஞ்ச நேரம் புடிங்க. காலைல இருந்து நோவுதுங்கறா. எனக்குக் கை ஓஞ்சுபோச்சுங்."

சரசு என்னைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். சண்டை போடுவதற்குத் தயாராக வந்தவரிடம் வேலையைக் கொடுத்தால் அவர்தான் என்ன செய்வார்? சோப்புப் போட்டுக் கழுவினார். கோகிலா 'இன்னொருக்கா' என்றாள். இன்னொரு தடவையும் கழுவினார்.

"அமுக்கக் கூடாதுங். சும்மா புடிச்சுக்கோங்க."

முடியெல்லாம் கொட்டிப்போன தலையைத் தலையணையில் சாய்த்து, தன்யா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தே, உங்க கை சூடா இருக்குது. எடுக்காதீங்க" என்றாள். சரசு எடுக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைப்பதற்குக்கூட எடுக்கவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். நீங்களும் பார்க்கப் போவீர்கள். கோகிலா வீட்டுச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்: வாயை வாசலிலேயே விட்டுவிடுங்கள், கையோடு மட்டும் உள்ளே வாருங்கள்!